கேம் பின்னணி நிலக்காட்சி வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு சின்ன மொபைல் கேம் ஸ்டுடியோவில் பின்னணி வரைகிறேன். ஊரிலிருந்து வேலை தேடி வரும் தம்பி தங்கைகளும், பகலில் ஐடி வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் சொந்தமாக கேம் செய்பவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் பக்கவாட்டில் ஓடும் 2டி கேம்களைப் பற்றித்தான். 3டி பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் இருக்கிறது.

நிலக்காட்சி நன்றாகவே வரைவேன். அதையே கேமில் போட்டால் ஏன் எடுபடுவதில்லை?

சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பவருக்கு அதைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. விளையாடுபவருக்கு அப்படியில்லை. எது தரை, எது வெறும் படம், எதிரி எந்தப் பக்கம், அடுத்து எங்கே கால் வைப்பது, எல்லாவற்றையும் அரை நொடியில் கண்டுபிடித்தாக வேண்டும். நீங்கள் பாடுபட்டு வரைந்த மலையும் மேகமும் அந்த நேரத்தில் குறுக்கே வந்து நின்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். நன்றாக வேலை செய்யும் பின்னணியை விளையாடும்போது யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. இதை ஒத்துக்கொள்ள ஓவியர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி: கேம் ஓடும்போது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கருப்பு வெள்ளையாக்குங்கள், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். ஹீரோவும் தரையும் பளிச்சென்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் நிறத்தில் கை வைக்காதீர்கள், இருள் வெளிச்ச அளவைத்தான் மாற்ற வேண்டும். அடர் கருப்பும் தூய வெள்ளையும் ஹீரோவும் தரையும் இருக்கும் அடுக்குக்கு மட்டும். பின்னால் இருப்பதெல்லாம் நடுவில் ஒரு குறுகிய வீச்சுக்குள் அடங்கட்டும்.

பொருளின் வெளிவடிவமும் முக்கியம். பனைமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வானத்துக்கு எதிரே அவ்வளவு கம்பீரமான வடிவம் வேறு மரத்துக்குக் கிடையாது. ஆனால் அதே பனையை ஹீரோ ஏறி நிற்கும் மேடைக்கு ஒட்டினாற்போல, மேடையின் அதே கருமையில் வரைந்தால், விரிந்த ஓலை நுனிகளும் மட்டைக் கருக்கும் முள் பொறியாகத் தெரியும். கேமில் கூரான எதைக் கண்டாலும் விளையாடுபவர் ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்வார், தாண்டிக் குதிப்பார். அந்த மரத்தை ஒரு அடுக்கு பின்னால் தள்ளி, இரண்டு படி வெளுத்துவிட்டால் தீர்ந்தது.

வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

வெறும் சாம்பல் பெட்டிகளால் ஆன லெவலை, அதாவது கிரேபாக்ஸை, லெவல் டிசைனரிடம் கேட்டு வாங்கி நீங்களே விளையாடிப் பாருங்கள். ஹீரோ எவ்வளவு உயரம், எவ்வளவு எம்பிக் குதிக்கிறான், கேமரா மேலும் கீழும் போகுமா, எங்கே நிறுத்தி மூச்சு வாங்க விடுகிறார்கள், எங்கே விரட்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். நிறுத்தும் இடத்தில்தான் நல்ல காட்சியை வைக்கலாம், விரட்டும் இடத்தில் பின்னணி அமைதியாக இருக்க வேண்டும். அப்புறம் உள்ளங்கை அளவில் சின்னச் சின்ன ஸ்கெட்ச், மூன்றே சாம்பல் நிறங்களில். அதில் ஒன்றை எடுத்து, கசாமுசாவென்று இருந்தாலும் பரவாயில்லை, உடனே என்ஜினில் (யூனிட்டி, கொடோ போல கேமை ஓட்டும் மென்பொருளில்) போட்டு ஓட்டிவிடுங்கள். முழுதாக வரைந்து முடித்த பிறகு முதல்முறையாக என்ஜினில் போடுபவர்கள் பாதி வேலையை மறுபடி செய்வார்கள்.

பாரலாக்ஸ் என்றால் என்ன, எத்தனை லேயர் வேண்டும்?

கேமரா நகரும்போது கிட்டே இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்வதுதான் பாரலாக்ஸ். இது பழைய வித்தை. 1982-இல் வந்த மூன் பேட்ரோல் என்ற ஆர்கேட் கேமிலேயே மலைகளை வேறு வேறு வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள்.

புரியவில்லை என்றால் மெட்ரோ பர்ப்பிள் லைனில் எம்.ஜி. ரோட்டிலிருந்து இந்திராநகர் வரைக்கும் ஜன்னலோரம் நின்று போனில் வீடியோ எடுங்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் வெறும் கோடாக ஓடும். அதற்குப் பின்னால் கடை போர்டுகளும் கேபிள் ஒயர்களும், அதற்குப் பின்னால் துணி காயும் பால்கனிகள், அப்புறம் மர உச்சிகளும் மொட்டைமாடித் தண்ணீர் டேங்குகளும். எல்லாவற்றுக்கும் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு டவரின் கிரேன், அசைகிறதா இல்லையா என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எந்த அடுக்கில் எவ்வளவு விவரம் கண்ணில் படுகிறது என்று தெரியும். கைப்பிடிச் சுவரில் விவரமே இல்லை, கிரேனிலும் இல்லை. நடுவில்தான் எல்லாம்.

எண்ணிக்கைக்கு வருவோம். வானம், தூரத்து மலை, நடு அடுக்கு, கிட்ட அடுக்கு, நாம் விளையாடும் தளம், முன்னால் அவ்வப்போது வந்துபோகும் ஒரு கிளையோ தூணோ. மொபைலுக்கு இதுவே தாராளம். கேமராவின் வேகம் 1 என்று எடுத்துக்கொண்டு, மலைக்கு 0.1, நடுவுக்கு 0.3, கிட்டத்துக்கு 0.6, தளத்துக்கு 1 என்று வைத்து ஆரம்பித்து, பிறகு கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். முன்னால் வருவது 1-க்கு மேல், 1.3 போல இருக்கலாம். அதை மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள், ஹீரோவை மறைத்து ஒரு உயிர் போனால் விளையாடுபவர் உங்களைத்தான் திட்டுவார். கொடோ வைத்திருப்பவர்களுக்கு 4.3-லிருந்து பாரலாக்ஸ்2டி என்று ஒரு நோடே இருக்கிறது. யூனிட்டியில் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்.

ஒவ்வொரு லேயரும் எவ்வளவு அகலம் வரைய வேண்டும்?

ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். லெவல் 12,000 பிக்சல் நீளம், திரை 1920 என்றால் கேமரா போகும் தூரம் 10,080. 0.1 வேகத்தில் நகரும் மலை அதில் பத்தில் ஒரு பங்கு, 1,008 பிக்சல்தான் நகரும். அதோடு திரை அகலம் 1920-ஐக் கூட்டினால் 2,928. அவ்வளவு வரைந்தால் போதும், ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பே வேண்டாம். அதே கணக்கில் 0.6 வேகத்தில் போகும் கிட்ட அடுக்குக்கு 7,968 பிக்சல் வேண்டும், அதை ஒரே படமாக வரைவது வீண். அங்கே லூப் செய்யுங்கள், அல்லது மரம், புதர், பாறை என்று தனித்தனியாக வெட்டி என்ஜினில் நட்டுக்கொள்ளுங்கள்.

திரை வடிவத்தையும் மறந்துவிடாதீர்கள். 1920 × 1080-க்கு வரைந்துவிட்டு நிம்மதியாக இருந்தால், 20:9 போனில் அதே உயரத்துக்கு 2400 அகலம் வேண்டும், 4:3 டேப்லெட்டில் அதே அகலத்துக்கு 1440 உயரம் வேண்டும். ஆகவே மேலே வானமும் கீழே மண்ணும் ஓரங்களில் காடும் கொஞ்சம் கூடுதலாக வரைந்து வையுங்கள், முக்கியமான எதையும் அந்தக் கூடுதல் பகுதியில் வைக்காதீர்கள்.

லூப் ஆகும் இடத்தில் ஒட்டு தெரிகிறது. அதைச் சரிசெய்தாலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது தெரிகிறதே?

ஒட்டை மறைப்பது சுலபம். கிரிட்டா என்ற ஓவிய சாஃப்ட்வேரில் டபிள்யூ கீயைத் தட்டினால் படம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நாலா பக்கமும் தொடரும், அதிலேயே வரையலாம். ஃபோட்டோஷாப்பில் ஆஃப்செட் ஃபில்டர் போட்டு நடுவில் வந்த ஒட்டின் மேல் வரைய வேண்டும்.

திரும்ப வருவது தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் ஆசை ஆசையாக வரைந்த அந்த ஒரு வளைந்த மரம்தான். லூப் அடுக்கில் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அந்த மரத்தைத் தனியாக வெட்டி, லெவலில் ஒரே ஒரு இடத்தில் நடுங்கள். இன்னொரு தந்திரம், லூப் அகலங்களை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வைப்பது. ஒன்று 1700, அடுத்தது 2300 என்றால் இரண்டும் சேர்ந்து அதே சேர்க்கைக்குத் திரும்ப வெகுநேரம் ஆகும், கண் பிடிக்காது.

பிஎன்ஜி ஃபைல் 3 எம்பிதான். ஆனாலும் புரோகிராமர் மெமரி போய்விட்டது என்று கத்துகிறார். யார் சொல்வது சரி?

அவர்தான். டிஸ்க்கில் இருக்கும் அளவு வேறு, கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும்போது விரியும் அளவு வேறு. 4096 × 4096 படம் சுருக்காமல் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி பிடிக்கும். அப்படி ஐந்து லேயர் என்றால் 320. குறைந்த விலை போனில் கேம் திறந்த உடனே மூடிக்கொள்ளும். கிராபிக்ஸ் சிப்புக்கென்றே இருக்கும் ஏஎஸ்டிசி என்ற சுருக்கத்தில் 6 × 6 கட்டம் தேர்ந்தெடுத்தால் அதே படம் சுமார் 7 எம்பிக்கு வந்துவிடும், 8 × 8 என்றால் 4 எம்பி. மங்கலான தூரத்து அடுக்கைப் பாதி அளவில் வரைந்து என்ஜினில் பெரிதாக்கினாலும் யாருக்கும் தெரியாது.

வானத்தில் மட்டும் ஜாக்கிரதை. மெதுவாக நிறம் மாறும் வானத்தைச் சுருக்கினால் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரியும். லேசாக நாய்ஸ், அதாவது பொடிப்பொடிப் புள்ளிகள், தூவுங்கள். அதைவிட நல்லது, வானத்தைப் படமாகவே கொடுக்காமல் மேல் நிறம், கீழ் நிறம் இரண்டை மட்டும் கொடுத்து ஷேடரில் (கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சின்ன புரோகிராமில்) கலக்கச் சொல்லிவிடுவது.

இன்னொன்று, காலி இடம். மேல் முக்கால் பங்கு ஒன்றுமில்லாமல் கீழே மட்டும் புல் வரைந்த லேயரை முழுத்திரை அளவில் ஏற்றுமதி செய்யாதீர்கள். வெறும் கண்ணாடிபோல இருக்கும் அந்த இடத்தையும் சிப் ஒவ்வொரு பிரேமிலும் கணக்கிட்டுக்கொண்டுதான் இருக்கும், போன் சூடாகும். வெட்டிவிடுங்கள்.

தூரத்து மலை என்றால் நீலம்தானே?

எப்போதும் இல்லை. காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால், தெளிவான பகலில் கறுத்த மலைக்கும் நமக்கும் நடுவே நீலம் படிகிறது. நந்தி மலையில் ஏறிப் பார்த்தால் தெரியும், அது 1,478 மீட்டர், பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர் சுமார். ஆனால் மழை வரும்போது தூரம் வெளுத்த சாம்பல், சூரியன் விழும்போது செம்மஞ்சள். தூசியும் புகையும் நிறைந்த நகரத்தில் பழுப்பு கலந்த சாம்பல், உங்கள் மொட்டைமாடியில் நின்றே பார்க்கலாம். எந்த நேரத்திலும் மாறாதது ஒன்றுதான்: தூரம் போகப் போகக் கருமை வெளுக்கும், இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நிறம் அப்புறம்.

நிறத்தைப் பற்றி ஒரு சின்னப் பாடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1908-இல் லால்பாக் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற கிரும்பிகல் என்ற ஜெர்மானியர், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும்படி திட்டமிட்டு நகரத்தில் மரங்களை நட வைத்தார். அதே தெரு, அதே கட்டடம், ஆனால் ஜனவரி பிப்ரவரியில் தபேபுயாவின் இளஞ்சிவப்பு, கொஞ்சம் தள்ளி ஜாகரண்டாவின் ஊதா, ஏப்ரல் மே மாதத்தில் குல்மோகரின் சிவப்பு. லெவலுக்கு லெவல் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒரே ஒரு நிறத்தை மட்டும் மாற்றினாலே காலம் நகர்ந்த உணர்வு வரும்.

ஐந்திணையை வைத்து ஐந்து லெவல் செய்யலாம் என்று யோசனை. எப்படி?

இந்த யோசனையோடு வராத தமிழ் கேம் டெவலப்பரை நான் இன்னும் பார்க்கவில்லை. தப்பில்லை, ஆனால் பெரும்பாலும் குறிஞ்சி பச்சை, நெய்தல் நீலம், பாலை மஞ்சள் என்று ஐந்து கலர் பக்கெட்டோடு முடிந்துவிடுகிறது. தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. நமக்கு உபயோகமானது அந்தப் பொழுதுதான். குறிஞ்சிக்கு யாமம், குளிர்காலம். முல்லைக்குக் கார்காலத்து மாலை. மருதத்துக்கு வைகறை. நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். பாலைக்கு வேனில், நண்பகல். ஒரு ஆர்ட் டைரக்டர் கொடுக்க வேண்டிய லைட்டிங் குறிப்பு அப்படியே இருக்கிறது, ஆனாலும் எல்லாரும் குறிஞ்சியைக் காலை பத்து மணி வெயிலில் வரைகிறார்கள். நடுராத்திரி, மழை ஈரம், நனைந்த பாறையில் நிலா வெளிச்சம் என்று வரைந்து பாருங்கள், வேறு எந்த கேமிலும் இல்லாத லெவலாக இருக்கும்.

பாலைக்கு ராஜஸ்தான் மணல்மேடு வரைவதை நிறுத்துங்கள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்துபோனால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. தயாரிப்புக் கணக்கிலும் இது லாபம். குறிஞ்சிக்கு வரைந்த அதே பாறை, அதே மரத்தை எடுத்து இலையை உதிர்த்து, அருவியை அழித்து அதன் கறையை மட்டும் விட்டு, நிழல்களைச் சுருக்கி, வானத்தை வெளுத்தால் புது லெவல் தயார். முன்பு ஓடி வந்த அதே இடம்தான் இது என்று விளையாடுபவருக்குப் பொறி தட்டினால் கதைக்கும் வலு.

சோழர் கால கேம். செடி கொடியில் எதைக் கவனிக்க வேண்டும்?

நிறைய. வாங்கிய அசெட் பேக்கில், அதாவது ரெடிமேட் படத் தொகுப்பில், வரும் பைன் மரத்தைத் தஞ்சாவூர் வயலில் நடுபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதைவிட நைசாக நுழைபவை, நாம் நம்மூர்ச் செடி என்றே நினைத்துக்கொண்டிருப்பவை. சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, அதற்குப் பதில் சதுரக்கள்ளி வரையுங்கள். கடைத்தெருக் காட்சியில் காயும் சிவப்பு மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான், அங்கே மிளகு மூட்டையை வையுங்கள். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. மலைச்சரிவில் தேயிலைத் தோட்டமும் யூகலிப்டஸும் வெள்ளைக்காரன் காலம். நீலகிரி மேல்மலையின் பழைய முகம் வேறு: மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் இருட்டாக நெருங்கிய சோலைக்காடு. வரையவும் அருமையான வடிவம் அது, பெரிய வெளிச்சப் பரப்பும் சின்ன இருள் திட்டுகளும்.

பெங்களூரில் இருந்துகொண்டு நிலக்காட்சிக்கு எங்கே போய்ப் பார்த்து வரைவது?

லால்பாக் பாறையில் ஆரம்பியுங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை சுமார் 300 கோடி வருஷப் பழசு. காலை ஏழு மணிக்குச் சாய்வு வெயிலில் போய் உட்கார்ந்து பாருங்கள். தூரத்திலிருந்து வழவழவென்று தெரியும் பாறையில் உரிந்த தகடு போன்ற விளிம்புகள், மழைநீர் தேங்கும் குழிகள், தண்ணீர் வழிந்த தடத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள். அந்தக் கறுப்புப் பட்டைதான் விஷயம், அதைப் போட்டாலே கல் நம்மூர்க் கல்லாகிவிடும். பெரிய அளவில் பார்க்க ராமநகரம், சாவனதுர்கா. ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் அதே கல் குன்று, கீழே மாந்தோப்பு, ரோட்டோரம் புளியமரம்.

போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். கேமரா நிழலைக் கருப்பாக அப்பிவிடும். பத்து நிமிஷமாவது பென்சிலில் வரைந்தால்தான் நிழலுக்குள் என்ன நிறம் இருந்தது என்று கவனித்திருப்பீர்கள்.

பின்னணியில் தமிழில் கடை போர்டு வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் படத்தோடு சேர்த்து வரைந்துவிடாமல் தனி லேயராக. நாளைக்குக் கன்னடத்திலோ இந்தியிலோ வெளியிடும்போது கழட்டி மாட்டலாம். பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழி அமைப்பை ஆன் செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். தமிழ் தெரியாத சக ஓவியர் அதை அப்படியே அனுப்பிவிடுவார், வெளியான பிறகு நம்மவர்கள் ஸ்கிரீன்ஷாட் போட்டுக் கிழிப்பார்கள். போர்டுக்குக் கையால் எழுதுவதே அழகு.

அக்கா, எந்த சாஃப்ட்வேர், எந்த டேப்லெட்?

கிரிட்டா இலவசம், போதும். பிக்சல் ஆர்ட் என்றால் ஏஸ்பிரைட். திரையில்லாத பேனா டேப்லெட் ஒன்றை எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்குங்கள். திரையுள்ளது சம்பளம் வந்த பிறகு.

ஏஐயில் பின்னணியை உருவாக்கிக்கொண்டால் என்ன?

ஒரே தட்டையான படமாக வரும். அடுக்குகளாகப் பிரித்தால் மரத்துக்குப் பின்னால் மலை இருக்காது, ஓட்டைதான் இருக்கும். அதை நிரப்பி, ஒளி வரும் திசையைச் சரிசெய்து, இரண்டாவது லெவலையும் அதே கையால் வரைந்ததுபோல ஆக்குவதற்குள் வரைந்தே முடித்திருக்கலாம். ஸ்டீமில் வெளியிடுவதென்றால் ஏஐ பயன்படுத்தியதை அறிவிக்க வேண்டும், 2024 ஜனவரியில் வந்த விதி. வேலைக்குச் சேரும் இடத்தில் அவர்கள் கொள்கை என்ன என்று கேட்காமல் எதையும் கலக்காதீர்கள்.

3டி கேமில் பின்னணி எப்படி மாறும்?

கிட்டே இருப்பது மாடல், தூரத்தில் இருப்பது இன்னமும் ஓவியம்தான். வானம் ஸ்கைபாக்ஸ், சுற்றிலும் ஆறு முகம் அல்லது 2:1 அளவில் ஒரு நீளப் படம். அதற்கு முன்னால் மலைகளைத் தட்டையான அட்டைகளாக நிறுத்துவார்கள். நடுவில் மூடுபனி, அழகுக்கும்தான், தூரத்துப் பொருள்கள் திடீரென்று முளைப்பதை மறைப்பதற்கும்தான். பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் அடிப்படை தெரிந்துகொள்ளுங்கள். 2டி வரைபவர்களுக்குக்கூட பெர்ஸ்பெக்டிவ் சரிபார்க்க உதவும்.

பெங்களூரில் இதற்கு வேலை இருக்கிறதா? போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது?

துருவா இன்டராக்டிவ் என்ற கேம் நிறுவனம் 1997-இல் இங்கே ஆரம்பித்த காலத்திலிருந்தே வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்துகொடுக்கும் வேலை இந்த ஊரில் நடக்கிறது. 2019-இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. பெரிய இடங்களில் 3டிக்குத்தான் ஆள் அதிகம் எடுப்பார்கள், 2டி பின்னணி வேலை சின்ன மொபைல் ஸ்டுடியோக்களில் கிடைக்கும்.

இருபது அழகான படத்தைவிட, நகரும் ஒரு பின்னணி மேல். என்ஜினில் ஓடவிட்டு அரை நிமிஷ வீடியோ, அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் ஒரு பக்கம், கருப்பு வெள்ளை வடிவம், எத்தனை எம்பியில் முடித்தீர்கள் என்ற குறிப்பு. இது கையில் இருந்தால் இன்டர்வியூவில் பேச்சே வேறு மாதிரி போகும். லேயர்களுக்குப் பெயர் வைத்திருங்கள், ‘லேயர் 47 நகல் 3’ என்று கிடக்கும் ஃபைலைத் திறந்து காட்டாதீர்கள்.

ஆர்ட் டெஸ்ட் கேட்கிறார்கள், சம்பளம் கிடையாது என்கிறார்கள். செய்யலாமா?

ஒன்றிரண்டு நாளில் முடிகிற டெஸ்ட் என்றால் செய்யுங்கள், எல்லா இடத்திலும் கேட்பதுதான். ஒரு வாரம் இழுக்கிற வேலை, அதுவும் அவர்களுடைய வரப்போகும் கேமின் லெவலையே முடித்துத் தரச் சொல்வது என்றால், பணம் கேளுங்கள். கேட்டதும் பதில் வராமல் போனால் போகட்டும். எந்த டெஸ்ட்டாக இருந்தாலும், வேலை கிடைக்காவிட்டால் அந்தப் படத்தை என் போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ளலாமா என்று ஆரம்பிப்பதற்கு முன்பே மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சரி என்று சொன்னது கணக்கில் வராது.